தேர்தல் நாட்களில் சங்கத்தின் வாசற்படி

சென்னை மாநகராட்சிக்கு 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் நடைபெற்ற தேர்தலை நம் அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தபின், ஐந்தாண்டுகளுக்கு மேல் இந்நகரில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தவை. ஆகவே எண்ணூர், எர்ணாவூர், காலடிப்பேட்டை வாசிகளுக்கு மாமன்றத் தேர்தலில் வாக்களிப்பது அதுவே இரண்டாம் முறை. இருநூறு வட்டங்களிலும் அந்த நாட்களில் இருந்த பரபரப்பு கொஞ்சமன்று. அந்த மாமன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது. அதன் ஆயுள் சட்டப்படி ஐந்தாண்டு. ஆகவே அதற்கு அடுத்த தேர்தலைப் பற்றிய பேச்சும் தேநீர்க் கடைகளில் வராமற் போகாது.

அத்தேர்தலில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது நமக்கு இங்கே பொருளன்று. எந்தக் கட்சியின் பெயரையும் இக்கட்டுரையில் நாம் எழுதப் போவதுமில்லை. கூட்டுறவு ஆய்வாளராக இருந்துகொண்டு நடுநிலைமையைப் பற்றி எழுதவந்து, முதற் பக்கத்திலேயே அதைக் கைவிடுவது அழகாகாது. நாம் சொல்லவந்தது சங்க ஊழியரைப் பற்றியும், அவரை நாடி வருகிற அங்கத்தினரைப் பற்றியும், அவ்விருவருக்கும் நடுவே தேர்தல் நாட்களில் வந்து நிற்கிற மூன்றாம் மனிதரைப் பற்றியுமே.

தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுகின்றன. அரிசியும் சர்க்கரையும் மட்டுமா அங்கே கொடுக்கப்படுகின்றன? பொங்கல் தொகுப்பு அங்கே. வேட்டி சேலை அங்கே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப்பின் குடும்பத்துக்கு 6000 ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டதும் அங்கேதான். சர்க்காரின் கை ஏழை வீட்டுக்கு நீள்வது பெரும்பாலும் இந்தக் கடையின் சன்னல் வழியாகத்தான். எனவே, ‘இந்தக் கையை நீட்டியவன் நான்’ என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சன்னலின் உள்ளே நிற்கும் விற்பனையாளரும் கட்டுநரும் மிகவும் வேண்டியவர்களாகி விடுகிறார்கள்.

இது கற்பனையன்று. 2020 டிசம்பரில், அடுத்த பொங்கலுக்கு அரிசி அட்டைதாரருக்கு 2500 ரூபாய் வழங்கப்படும் என்று அறிவிப்பு வெளியாயிற்று. சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது சில மாதங்களே இருந்தன. கடை ஊழியர் வீடு வீடாகக் கொடுக்கவேண்டிய டோக்கன்களைக் கட்சித் தலைவர்களின் படங்களோடு கட்சிக்காரர்களே விநியோகிக்கிறார்கள் என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. கடை ஊழியர்களே டோக்கன் வழங்கவேண்டும், படம் பொறித்தவை செல்லா என்று சுற்றறிக்கை அனுப்பப்பட்ட பிறகே அது முடிந்தது. ஒரு சிறு காகிதத் துண்டுதான். ஆனால் அதைக் கொடுப்பவர் கடை ஊழியரானால் அது அட்டைதாரரின் உரிமை. கட்சிக்காரரானால் அதுவே ஓர் உபகாரம். பணம் ஒன்றே, பெறுகிறவரும் ஒருவரே. நடுவில் நின்ற கை மாறியதும் பொருளே மாறிவிடுகிறது.

இனி, நம்மைப் பற்றியே ஒரு விஷயம் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரனுக்கு உட்பட்ட பொது நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதற்கான அரசாணை 2021 நவம்பரில் வந்தது. சுமார் 48 லட்சம் கடன்கள் ஆராயப்பட்டு, அவற்றில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியற்றவை என்று டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. ஒரே குடும்பத்தார் பெற்ற கடன்களைக் கூட்டிப் பார்க்கையில் நாற்பது கிராமுக்கு மேற்பட்டவை கழிந்தன. வேறு காரணங்களால் கழிந்தவையும் பல. இந்தச் சல்லடை வேலையில் சங்கக் காரியதரிசிகளும், நகை மதிப்பீட்டாளர்களும், நம்மைப் போன்ற ஆய்வாளர்களும் இரவும் பகலும் ஈடுபட்டிருந்தபோதுதான் மாநகராட்சித் தேர்தலும் வந்தது. ‘என் பெயர் பட்டியலில் இருக்கிறதா?’ என்று கேட்காத அங்கத்தினர் அந்த நாட்களில் இல்லை.

ஒரு மாலை, நமக்கு நன்கு அறிமுகமான உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் தெருவிலுள்ள பத்துப் பன்னிரண்டு பெயர்களைச் சொல்லி, இவை இருக்கின்றனவா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். எதையும் சேர்க்கச் சொல்லவில்லை, நீக்கவும் சொல்லவில்லை. பட்டியல் இறுதியாகவில்லை என்று எச்சரித்துவிட்டு, இருந்த பெயர்களை நாம் சொன்னோம். எப்படியும் சில நாட்களில் எல்லோருக்கும் தெரியப் போவதுதானே என்பது அப்போது நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

மூன்றாம் நாள், காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் நம்மை வழியில் நிறுத்தினார். “தம்பி, என் வளையலை அவரே சொல்லி மீட்டுக் கொடுத்துட்டாராமே! வீடு தேடி வந்து சொன்னாரு. அவருக்குத்தான் ஓட்டுன்னு வெத்தலை மேல சத்தியம் பண்ணிட்டேன்” என்றார். நமக்கு நாக்கு எழவில்லை. அவர் மீட்கவில்லை, தகுதி இருந்தால் அது உங்கள் உரிமை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், எப்படி அவருக்குப் பெயர் தெரிந்தது என்ற கேள்வி வந்திருக்கும். ‘பார்க்கலாம் அம்மா’ என்று நழுவினோம்.

கதை அதோடு முடியவில்லை. இறுதிச் சரிபார்ப்பில் அந்த அம்மாளின் பெயர் விழுந்துவிட்டது. அதே குடும்ப அட்டையிலிருந்த மகன் பேரில் வேறொரு கடன் இருந்தது. இரண்டையும் கூட்டினால் நாற்பது கிராமைத் தாண்டியது. சத்தியம் காப்பாற்றப்பட்டது, வளையல் வரவில்லை. பிறகு அவர் நொந்துகொண்டது வீடு தேடி வந்தவரை அன்று. “சங்கம் ஏமாத்திடுச்சு” என்றுதான் சொன்னார், இன்றும் சொல்கிறார். எந்த ஆவணத்திலும் நாம் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. ஒரு காசு பெறவில்லை. ஆயினும் ஒரு மனுஷியின் வாக்கை மற்றொருவர் இலவசமாக எடுத்துக்கொள்ள நாம் கருவியாயிருந்தோம்.

அதே பிரசார வாரங்களில் நாம் மற்றொரு காரியமும் செய்தோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கத்தில் ஒரு கடையை ஆய்வு செய்யச் சென்றபோது, காலிச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு வேட்பாளரின் துண்டறிக்கைக் கட்டு இருந்தது. விற்பனையாளர் இளைஞர், தொகுப்பூதியக்காரர். கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “வச்சிக்கன்னு சொன்னவரு தெனமும் இந்தத் தெருவுல என்னைப் பாக்கறவரு சார். வேணாம்னா நாளைக்கே கடை முன்னாடி ஆளுங்களை நிறுத்தி எடை குறையுதும்பாரு. நீங்க மாசத்துக்கு ஒரு தரம் வர்றீங்க.” நாம் அதைக் குறிப்பேட்டில் எழுதினோம். எழுதியது சரியே, எழுதாமல் விட்டிருந்தால் அது வேறொரு தவறு. அவர் வேறு கடைக்கு மாற்றப்பட்டார். கட்டை வைத்துப் போனவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொலைபேசியில் பெயர்களைச் சொன்ன ஆய்வாளரையும் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1964-ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, ஊழியர் வாக்களிக்கலாம்; ஆனால் எவருக்கு அளித்தார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. தேர்தல் சின்னத்தைத் தம் உடையிலோ வாகனத்திலோ வீட்டிலோ பொறித்துக்கொள்வதுகூட, செல்வாக்கைப் பயன்படுத்துவதாகவே கருதப்படும். தமிழ்நாட்டின் 1973-ஆம் ஆண்டு விதிகளும் அரசு ஊழியர் அரசியலிலும் தேர்தலிலும் ஈடுபடுவதைத் தடுக்கின்றன. ஆய்வாளராகிய நாம் இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையாளர் அரசு ஊழியர் அல்லர், சங்கத்தின் ஊழியர். அரசு ஊழியருக்கான நடத்தை விதிகள் அவரை நேரே கட்டுவதில்லை. சங்கத்தின் துணைவிதிகளும் அவ்வப்போது வரும் சுற்றறிக்கைகளுமே கட்டுகின்றன. இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. விதி தன்னைக் கட்டுகிறது என்று சொல்லக்கூடியவருக்கு அது ஒரு கவசமும் ஆகும். ‘எனக்கு அதிகாரமில்லை ஐயா, விதி இடங்கொடாது’ என்று நாம் சொல்லலாம். சொல்லத் தவறினோம் என்பது வேறு. அந்த இளைஞருக்கோ அப்படிச் சொல்லக் கையில் ஒரு காகிதமும் இல்லை.

உள்ளாட்சித் தேர்தலில் இந்தச் சங்கடம் ஏன் கூடுதலாகிறது என்பதையும் அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். பாராளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களை நடத்தும் ஆணையம் டில்லியிலிருக்கிறது. அது வெளிமாநிலப் பார்வையாளர்களை அனுப்பும். வேண்டுமானால் பெரிய உத்தியோகஸ்தரையே மாற்றும். நம் பக்கத்து ஆர்.கே. நகரில் 2017-இல் இரண்டையும் கண்டோம். இடைத்தேர்தலையொட்டி நகரப் போலீஸ் கமிஷனர் மாற்றப்பட்டார். பணப் பட்டுவாடாவைக் காரணங்காட்டி, ஏப்ரல் 12-இல் நடக்கவிருந்த வாக்குப்பதிவு மூன்று நாட்களுக்கு முன் ரத்தாயிற்று. டிசம்பரில் மீண்டும் நடந்தபோது தேர்தல் நடத்தும் அலுவலரும் இடையில் மாற்றப்பட்டார். உள்ளாட்சித் தேர்தல் அப்படியன்று. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். களத்தில் நடத்துகிறவர்களோ பெரும்பாலும் மாநகராட்சியின் சொந்த உத்தியோகஸ்தர்களே. இன்று எவருடைய வேட்புமனுவைப் பரிசீலிக்கிறார்களோ, அவரே அடுத்த மாதம் மாமன்றத்தில் அமர்ந்து தங்களைக் கேள்வி கேட்பார் என்று அவர்களுக்குத் தெரியும். இத்தனை நெருக்கத்தில் நிமிர்ந்து நிற்பவர்களை நாம் பாராட்டவே வேண்டும். அத்தகையோர் பலர் உண்டு. 2022-இல் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து 51-ஆம் வட்டத்தில் ஒரு சாவடிக்கு மறுவாக்குப்பதிவு நடந்தபோது, முதல் நாள் தூக்கமில்லாத அதே மாதிரி ஊழியர்கள்தான் மறுபடியும் மேசையிட்டு அமர்ந்தார்கள்.

சிறு காரியந்தானே என்பவர்களுக்கு ரேபரேலி வழக்கை நினைவூட்டலாம். பிரதமர் இந்திரா காந்தியின் 1971-ஆம் ஆண்டு வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 1975 ஜூன் 12 அன்று தீர்ப்பளித்ததற்குக் காரணங்கள் இரண்டு. அரசுப் பணியிலிருந்து முறையாக விலகுமுன் ஒருவர் தேர்தல் வேலை செய்தது ஒன்று. மாநில அதிகாரிகள் பிரசாரக் கூட்டத்துக்கு மேடை கட்டி, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் ஏற்பாடு செய்தது மற்றொன்று. சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. உச்சநீதிமன்றமும் அவ்வாண்டு நவம்பரில் அத்தீர்ப்பை நீக்கிற்று. அது இருக்கட்டும். மரப்பலகை மேடையும் ஒலிபெருக்கிக் கம்பியும் ஒரு பிரதமரின் பதவியை அசைக்கும் அளவுக்கு எடையுள்ளவை என்று ஒரு நீதிபதி கண்டார் அல்லவா?

நம்முடைய கடைச் சன்னலுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் அமெரிக்காவில் கிடைக்கிறது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோருக்கு அந்நாட்டுச் சர்க்கார் நிவாரண வேலைகளைத் தொடங்கியிருந்தது. 1938-ஆம் ஆண்டுத் தேர்தலில் சில மாகாணங்களில், அவ்வேலை பெற்றவர்களிடமே ஆதரவும் நன்கொடையும் வற்புறுத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. அடுத்த ஆண்டே ‘ஹாட்ச் சட்டம்’ வந்தது. நிவாரணத்தைக் காட்டி வாக்குக் கேட்பதும், மத்திய அரசு ஊழியர் பிரசாரத்தில் இறங்குவதும் அதனால் தடுக்கப்பட்டன. 1940-இல் அது மத்திய நிதியால் சம்பளம் பெறும் மாகாண, உள்ளாட்சி ஊழியர்களுக்கும் விரிக்கப்பட்டது. ஊழியருடைய எஜமானன் யார் என்று மட்டும் பார்க்காமல், அவர் கையிலிருப்பது எவருடைய பணம் என்று பார்த்தார்கள். நம் சங்க விற்பனையாளர் விஷயத்திலும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

கூட்டுறவாளர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 1844-இல் ராக்டேலில் கடை திறந்த இருபத்தெட்டுப் பேரில் நம்மைப் போன்ற நெசவாளர்கள் பலர். அவர்களுக்குள் பல அரசியல் கொள்கைக்காரர்கள் இருந்தார்கள்; தராசு ஒன்றாகவே இருந்தது. 1937-இல் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு மகாநாடு, அரசியலிலும் சமயத்திலும் நடுநிலைமை என்பதைக் கோட்பாடுகளுள் ஒன்றாக எழுதிற்று. 1966-ஆம் ஆண்டுப் பட்டியலில் அது தனிக் கோட்பாடாக இடம்பெறவில்லை. கூட்டுறவாளர் தம் உரிமைக்காக அரசியல் பேசத்தான் வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் அப்போது வலுத்திருந்தது. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அரசியல் காரணத்தால் அங்கத்தினருக்குள் வேற்றுமை பாராட்டலாகாது என்ற பகுதி 1995-ஆம் ஆண்டு அறிக்கையிலும் நிலைத்திருக்கிறது. சங்கம் நூல் விலைக்காக மந்திரியிடம் மனுக் கொடுக்கலாம். சங்கத்தின் காரியதரிசி ஒரு வேட்பாளருக்காக நூல் சிட்டத்தை முன்பின்னாகக் கொடுக்கக் கூடாது.

மறுபுறத்தில் ஒரு நோய் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. நடத்தை நெறிமுறை அமலுக்கு வந்துவிட்டது என்று சொல்லி, செய்யவேண்டிய வேலையையும் செய்யாமல் விடுகிற உத்தியோகஸ்தர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து விவசாய அன்பர் பயிர்க்கடனுக்கு வந்தால், ‘தேர்தல் முடியட்டும்’ என்கிறார்கள். நெசவாளிக்குச் சேரவேண்டிய கூலிப் பட்டியலில் கையெழுத்திடவும் அதே பதில். நெறிமுறை புதிய சலுகைகளைத்தான் தடுக்கிறது. நடந்துகொண்டிருக்கும் வேலையை அன்று. நாற்று தேர்தல் ஆணையத்தைக் கேட்டு வளர்வதில்லை. இப்படிக் கதவடைப்பதன் பலன் என்ன? உரிமைப்படி கிடைக்கவேண்டியது தாமதமாகிறது. தாமதமானதை ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்ல ஒருவர் தெருமுனையில் வந்து நிற்கிறார். சோம்பலும் ஒருவகைப் பட்சபாதமே என்பது நம் அபிப்பிராயம்.

அங்கத்தினர்களிடமும் ஒரு வார்த்தை. சங்க ஊழியர் சாய்கிறார் என்று புகார் சொல்கிற நாமே, ‘நம்ம ஆள்தானே, கொஞ்சம் முன்னாடி பார்த்துவிடு’ என்று அவரிடம் கேட்பதில்லையா? பொங்கலுக்கு வழங்கும் வேட்டியும் சேலையும் நெசவுச் சங்கங்களில் நம் கையால் நெய்தவை. கூலி வாங்கி நெய்தவை. அவற்றையே ஒருவர் தம் தயவாகக் காட்டும்போது, தறிக்காரர் வீட்டிலும் அல்லவா கைகூப்பி வாங்கிக்கொள்கிறார்கள்! காலடிப்பேட்டை, ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் 1700-களின் தொடக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். அவர் பெயரே திரிந்து ஊர்ப்பெயராயிற்று. குடியேற்றியவர் பெயரை ஊருக்கே சூட்டிய காலம் அது. இன்று குடும்ப அட்டை நம் பெயரில் இருக்கிறது.

வரும் மகாசபைக் கூட்டங்களில் ஒவ்வொரு சங்கமும் ஒரு தீர்மானம் நிறைவேற்றவேண்டும் என்பது நம் வேண்டுகோள். தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் முடிவு வெளியாகும் வரை அங்கத்தினர் பதிவேட்டையோ, கடன் பட்டியலையோ, அதிலுள்ள ஒரு பெயரையோகூட வெளியார் எவருக்கும் எழுத்திலும் வாய்மொழியிலும் தரக்கூடாது. அவரவர் விவரம் அவரவருக்கு மட்டுமே. பட்டியல் இறுதியானால் அறிவிப்புப் பலகையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில். சங்கக் கட்டடமும் தளவாடமும் எவருக்கும் இல்லை. இதைத் தமிழில் பெரிய எழுத்தில், தலைவரோ தனி அலுவலரோ கையெழுத்திட்டு, சன்னலுக்கு உட்புறமன்று, வெளிப்புறம் தொங்கவிடவேண்டும். வற்புறுத்துகிறவரின் பெயரை விற்பனையாளர் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டும். ஆய்வாளர் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். ஆய்வாளருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் அதில் எழுதப்படட்டும். ஆட்சேபம் செய்கிற ஆய்வாளர்கள் இருந்தால், அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ள நமக்கு ஆவல்.

அந்த இளைஞர் இப்போது எண்ணூர்ப் பக்கத்தில் வேறொரு கடையில் இருக்கிறார். சென்ற மாதம் ஆய்வுக்குப் போனோம். எடை சரி, இருப்புச் சரி, பி.ஓ.எஸ். இயந்திரம் மட்டும் வழக்கம்போல் வயதானவர்களின் கைரேகையை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது. கையெழுத்திட்டுப் புறப்படும்போது, “அடுத்த தேர்தலுக்காவது உத்தரவு எழுத்துல வருமா சார்?” என்று கேட்டார். வரைவை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னோம். நோட்டுப் புத்தகத்தைப் பூட்டிவைக்க ஒரு இழுப்பறையும் வேண்டும் என்றார்; அதையும் சேர்த்திருக்கிறோம்.